படகு மிதக்கும் நீர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

விடுமுறை நாளில் படகேறி நீர்மேல் செல்வோருள், அந்நீர் எங்கிருந்து வந்தது, எங்குச் செல்லப்போகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தேக்கடியில் படகுகளைத் தாங்கும் நீரே மலையைக் குடைந்த வழியே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. ஒரே நீரைப் பயணியும் உழவரும் வெவ்வேறு கண்கொண்டு காண்பதை இவ்வுரைநடைப் பகுதி எடுத்துரைக்கிறது.

மார்கழி மாதத்துச் சாலை

தேனியிலிருந்து தென்மேற்கே குமுளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மார்கழி மாதத்தில் உறங்குவதில்லை. கறுப்பும் நீலமும் உடுத்த ஐயப்ப பக்தர்களின் ஊர்திகள் இரவெல்லாம் அவ்வழியே செல்கின்றன. அரையாண்டுத் தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் பள்ளி மாணவரும், விடுமுறை பெற்ற குடும்பத்தினரும், வெளிநாட்டுப் பயணியரும் அச்சாலையிலேயே மலையேறுகின்றனர். இவர்களுக்கெல்லாம் முன்பாக, விடியற்காலையிலேயே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் மேலே சென்றுவிடுகின்றன. தோட்டத்திற்குச் செல்லும் அப்பெண்களின் மடியில் இருக்கும் தூக்குச்சட்டியிலுள்ள சோறும் இப்பாடத்தின் செய்தியோடு தொடர்புடையதே.

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சாலையின் இருபுறமும் நடவு முடிந்த இரண்டாம் போக நெற்பயிர் பசுமை காட்டுகிறது. இடையிடையே தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் காணப்படுகின்றன. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திரும்பினால் பந்தல்களில் திராட்சைக் கொத்துகள் தொங்குகின்றன. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஒரு பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைவது இயல்பான செய்தி அன்று. அதற்குரிய விடை மலைமேல் இருக்கிறது.

கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப்பை அடைந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. அங்கே மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் மேலிருந்து கீழாக நீண்டு கிடப்பதைக் காணலாம். பயணியருள் பெரும்பாலோர் அவற்றை மின்நிலையத்தின் குழாய்கள் என்ற அளவில் கண்டு நகர்வர். தாம் மேலே சென்று ஏறப்போகும் படகைத் தாங்கிய நீர்தான், தம் ஊர்திக்கு எதிர்த்திசையில் அக்குழாய்களுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

படகுச் செலவு

செலவு என்னும் சொல் இன்று பணம் கரைவதை மட்டும் குறிக்கிறது. பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்தது. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தன் பயணத்தைத் தள்ளிவைப்பதைச் செலவழுங்குதல் என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். அவ்வகையில் தேக்கடி ஏரியில் ஒன்றரை மணிநேரம் நிகழும் நீர்வழிப் பயணத்தைப் படகுச் செலவு எனலாம். கேரள அரசின் சுற்றுலாத் துறை சார்ந்த கழகமும் வனத்துறையும் அங்குப் படகுகளை இயக்குகின்றன.

குளிர்கால விடியலில் ஏரியின்மேல் வெண்பனி படர்ந்திருக்கும். படகு துறையை விட்டு நீங்கியதும் முதலில் கண்ணிற்படுவன நீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் கரிய மரக்கட்டைகள். கிளையின்றி, பட்டையின்றி, உச்சி சிதைந்து நிற்கும் அவற்றின்மேல் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். புதிதாக வருவோர் அவற்றைப் பட்டுப்போன மரங்கள் என்று எண்ணுவர். அவை பட்டுப்போனவை அல்ல, மூழ்கடிக்கப்பட்டவை. 1895ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் தேங்கியபோது பள்ளத்தாக்கிலிருந்த காடு நீருக்குள் சென்றது. அக்காட்டின் மிச்சமே இக்கட்டைகள். எப்போதும் நீரின் அடியிலேயே இருக்கும் மரப்பகுதிக்கு உயிர்வளி போதிய அளவு கிட்டாமையால், மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் அங்குப் பெருகுவதில்லை. நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் மேற்பகுதிதான் மெல்லச் சிதைகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அம்மரங்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே.

கரையோரப் புல்வெளியில் மிளாக்களும் காட்டுப்பன்றிகளும் காட்டெருதுகளும் மேயும். நீர்நாய்கள் கூட்டமாக நீந்தி மீன்பிடிக்கும். யானைக்கூட்டம் நீர் அருந்த இறங்குமாயின் படகு முழுவதும் ஆரவாரம் எழும். திருவிதாங்கூர் அரசு 1934ஆம் ஆண்டில் இக்காட்டை வேட்டை விலங்குகளின் புகலிடமாக அறிவித்தது. 1950இல் இது பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாக விரிவு பெற்று, 1978இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மன்னர்கள் வேட்டைக்குத் தங்கிய மாளிகை இன்று பயணியர் விடுதி.

அவ்வாரவாரமே ஒருமுறை பெருந்துயராகவும் முடிந்தது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, 'ஜலகன்னியகா' என்னும் ஈரடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணியர் பலர் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது எனச் செய்திகள் தெரிவித்தன. படகின் நிலைப்பு அதன் ஈர்ப்பு மையத்தைப் பொறுத்தது. மேல்தளத்தில் ஆட்கள் மிகும்தோறும் ஈர்ப்பு மையம் உயர்கிறது. உயர்ந்த மையத்தோடு எடையும் ஒருபக்கம் ஒதுங்கினால், சாய்ந்த படகை நிமிர்த்தும் விசை போதாமற்போகிறது. இன்று அங்கே உயிர்காப்பு உடை அணியாமல் படகில் அமர இயலாது. பயணத்தின் இடையில் இருக்கையை விட்டு எழக்கூடாது என்னும் அறிவுரையைச் சிலர் சலிப்போடு கேட்பதுண்டு. 45 உயிர்கள் கொடுத்த விலையில் எழுதப்பட்ட அறிவுரை அது.

தெரியுமா?

நீர்மேல் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. மரங்களைப் பிணைத்து அமைப்பது புணை, தெப்பம். ஆற்றையும் கழியையும் கடக்க உதவுவன அம்பி, ஓடம். உப்பு விற்று நெல் கொண்டுவரும் படகாகப் பட்டினப்பாலையில் இடம்பெறுவது பஃறி. மீனவர் கடலில் செலுத்துவது திமில். பெருங்கடல் கடந்து வணிகம் செய்யும் கலங்கள் வங்கம், நாவாய். மதுரைக்கு அருகே வையையாற்றுத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் அமைந்த அம்பிகள் இயங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவ்வம்பிகளைத் தவிர்த்து மரப்புணையில் வையையைக் கடந்தனர்.

ஏரி பிறந்த கதை

தேக்கடி ஏரி என்பது வழக்கில் வந்த பெயர். அஃது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். சிவகிரி மலைப்பகுதியில் தோன்றி மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பது பெரியாறு. அதனோடு முல்லையாறு சேருமிடத்தின் அருகே அணை அமைந்தமையால் இப்பெயர் பெற்றது. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்று பேரியாற்றங்கரை மணற்பரப்பில் தங்கியிருந்தபோது, மலைவாழ் மக்கள் கண்ணகியின் செய்தியை அவனிடம் கூறியதாகச் சிலப்பதிகார வஞ்சிக்காண்டம் உரைக்கிறது. குமுளிக்கு அருகே மலைமுகட்டிலுள்ள மங்கலதேவி கோட்டத்தில் சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் இன்றும் கண்ணகியை வழிபடுகின்றனர்.

மலையின் மேற்கே மழை மிகுதி, கிழக்கே வறட்சி. மேற்கே வீணே கடல்சேரும் நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்னும் எண்ணம் பொறியியல் கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்பே இம்மண்ணில் எழுந்துவிட்டது. இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே ஆட்களை மலைக்கு அனுப்பி இதனை ஆராயச் செய்தார். பொருள் வளம் போதாமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1808இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர், இது நிறைவேறக் கூடியதன்று என அறிக்கை அளித்தார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் அரசின் மனத்தை மாற்றியது. பஞ்சத்தில் மாண்ட மக்களின் எண்ணிக்கைக்கு முன்னே அணையின் செலவு சிறிதாகத் தோன்றியது போலும்.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய இந்திய அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். 1887இல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கியது. யானையும் புலியும் திரியும் அடர்காடு, ஆண்டில் சில மாதங்களே பணி செய்ய இடங்கொடுக்கும் மழை, மலைக்காய்ச்சல், வாந்திபேதி. வெள்ளம் வந்து கட்டுமானத்தை அடித்துச் சென்றதும் உண்டு. பெயர் எழுதப்படாத தொழிலாளர் நூற்றுக்கணக்கில் அங்கே மாண்டனர். அணைக்கருகே கல்லறைகள் இன்றும் உள்ளன. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுப்பப்பட்ட அணை 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது.

அணையின் உயரத்தினும் வியப்பளிப்பது அதன் திசைமாற்றம். பொதுவாக அணையில் தேங்கிய நீர் அணையின் வழியாகவே வெளியேறும். இங்கோ அணை ஒருபுறம் இருக்க, நீர் மறுபுறம் வெளியேறுகிறது. தேக்கடியில் தலைமதகு ஒன்று உண்டு. அதன் வழியாகப் புகும் நீர், ஒரு மைலுக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய சுரங்கத்தில் மலையைக் கடந்து தமிழகப் பக்கம் வருகிறது. அங்கிருந்து குழாய்கள் வழியே ஆயிரம் அடிக்கு மேல் வீழ்ந்து லோயர் கேம்ப்பில் மின்சாரம் ஆகிறது. மின்னாக்கிகளின் அளவுக்கு மிஞ்சிய நீர் தனிவழியில் பாறைகள்மேல் விழுந்து வருமிடத்தை ஊரார் இரைச்சல் பாலம் என அழைக்கின்றனர். பெயர் சூட்டுவதில் பொதுமக்களுக்கு நிகர் அவர்களே. பின்னர் அந்நீர் ஆற்றில் கலந்து, கம்பம் பள்ளத்தாக்கின் கால்வாய்களில் பிரிந்து, எஞ்சியது வைகை அணையைச் சேர்ந்து, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வரை செல்கிறது.

104 முதல் 142 வரை

தேனி மாவட்டத்தில் காலையில் நாளிதழைக் கையில் எடுக்கும் உழவர் முதலில் தேடுவது ஓர் எண்ணை. பெரியாறு அணையின் நீர்மட்டம் என்னும் சிறு கட்டத்திற்குள் அவ்வெண் இருக்கும். தேநீர்க் கடையில் "இன்னைக்கு எம்புட்டு?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் அடிக்கணக்கில் விடை கூறுவார். எதைப் பற்றிய வினா என்று விளக்க வேண்டிய தேவை அங்கு இல்லை.

சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் அமைந்துள்ளது. நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால், ஏரியில் நீர் இருந்தும் பள்ளத்தாக்கிற்கு ஒரு சொட்டும் வாராது. மேல் வரம்பு 142 அடி. அணையின் முழுக் கொள்மட்டம் 152 அடி ஆயினும், அணையின் பாதுகாப்புக் குறித்து எழுந்த ஐயத்தால் 1979ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணை பலப்படுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டிலும், அரசமைப்பு அமர்வின் வழியாக 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாளிலும், உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டபோது கம்பம் பள்ளத்தாக்கு அதனை விழாவாகவே கொண்டாடியது. அணைக்குக் கீழே கேரளப் பகுதியில் ஆற்றோரம் குடியிருக்கும் மக்களுக்கோ, மழை வலுக்கும் இரவுகளில் அதே எண் அச்சம் தருகிறது. இரு பக்கத்தாரும் ஒரே அளவுகோலைத்தான் பார்க்கின்றனர்.

ஆக, 104க்கும் 142க்கும் இடைப்பட்ட 38 அடி நீரே பள்ளத்தாக்கின் வாழ்வு. லோயர் கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலத்தின் இருபோக நெல் விளைச்சல் அவ்விடைவெளியை நம்பியுள்ளது. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் நாளில் முதல் போகத்திற்கு மதகு திறக்கப்படும். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். நாற்றங்கால் அமைக்கலாமா என்னும் முடிவு வயலில் எடுக்கப்படுவதில்லை. மலைமேல் உள்ள அளவுகோலில் எடுக்கப்படுகிறது. ஊர்களின் குடிநீரும் இவ்வாற்றையே சார்ந்தது. மேலே கூறிய தூக்குச்சட்டிச் சோற்றின் நெல்லும் பெரும்பாலும் இந்நீரில் விளைந்ததே.

இந்த 38 அடிக்குள்தான் படகுகளும் மிதக்கின்றன. இங்கே கருதத்தக்க முரண் ஒன்று உண்டு. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மார்கழியில் படகுச் செலவு கண்ணுக்கு இனியது. நீர்ப்பரப்பு அகன்று, மரக்கட்டைகளின் தலைகள் மட்டும் தெரிய, மலையின் நிழல் நீரில் விழும். ஆயினும் விலங்குகள் அரிதாகவே தென்படும். காட்டிற்குள் ஓடைகளும் சுனைகளும் நிறைந்திருக்கையில் யானை ஏரிக்கரைக்கு வரவேண்டிய தேவை இல்லை. மாசி, பங்குனி, சித்திரையில் நிலை மாறுகிறது. உள்காட்டு நீர்நிலைகள் வற்றுகின்றன. ஏரி சுருங்கிக் கரைகளில் இளம்புல் முளைக்கிறது. அப்போது யானைக்கூட்டங்கள் நாள்தோறும் கரைக்கு வருகின்றன. வனவிலங்குகளைக் காண ஏற்ற காலம் அதுவே என்று பயண வழிகாட்டிகள் கூறுகின்றன.

பயணிக்கு அது பேறு. கீழே பள்ளத்தாக்கிலோ, இரண்டாம் போகப் பயிர் கதிர்முற்றும் தறுவாயில் இன்னும் எத்துணை நாள் நீர் வரும் என்று உழவர் கணக்கிடும் காலம் அது. யானைகள் மிகுதியாகத் தென்பட்டன என்று மகிழ்ந்து இறங்கிவரும் பேருந்தும், முறைப்பாசனத்தில் தன் மடைக்கு நீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் உழவரும் கூடலூர்ச் சாலையில் ஒருவரையொருவர் கடந்துசெல்கின்றனர். ஏரி வற்ற வற்றப் படகுத்துறையும் உள்நோக்கி நகர்கிறது. முன்பு நீர் நின்ற இடத்தில் பயணியர் நெடுந்தொலைவு நடந்து படகேறுகின்றனர். நிமிர்ந்து நிற்கும் மரக்கட்டைகளில் நீர்க்கறை படிந்த உயரத்தைக் கொண்டே எத்துணை அடி குறைந்தது என்று அளந்துவிடலாம். படகோட்டிகளுக்கு அக்கறையே அளவுகோல்.

நீரின் உரிமையும் நீர்மேல் செல்லும் உரிமையும் இங்கே வெவ்வேறு கைகளில் இருப்பதும் அறியத்தக்கது. நிலம் கேரளத்தில் உள்ளது. அணையைப் பராமரித்து நீரைப் பயன்படுத்தும் உரிமை குத்தகை வழியாகத் தமிழகத்திற்கு உரியது. 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தங்களால் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரம் ஆக்கும் உரிமை உறுதியாயிற்று. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்திடம் சென்றது. சுற்றுலாப் படகுகள் கேரளத்தினுடையவை. அணையைப் பார்வையிடச் செல்லும் தமிழக நீர்வளத் துறையினரும் அதே ஏரியில் தம் படகில் செல்கின்றனர். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அணை பற்றிய பூசல் முற்றியபோது குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. பக்தர்கள் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டனர். பயணியரின்றிக் குமுளிக் கடைகள் வெறிச்சோடின. தோட்டத்திற்குச் செல்ல இயலாமல் பள்ளத்தாக்கின் தொழிலாளர் கூலி இழந்தனர். கம்பத்துக் காய்கறியும் பாலும் மேலே செல்லவில்லை. எல்லைக்கோடு இரு மாநிலங்களைப் பிரித்தாலும், அடுப்பெரிவது இரு பக்கத்தையும் சார்ந்தே என்பதை அக்குளிர்காலம் காட்டியது.

கரீபியக் கடலும் காட்டூன் ஏரியும்

இன்பச் செலவுக்கும் நீர்த்தேவைக்கும் உள்ள இத்தகைய பிணைப்பு தேக்கடிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனி பொழியும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில், வெயிலை நாடுவோர் கரீபியக் கடலுக்குக் கப்பலேறுகின்றனர். ஆயிரக்கணக்கானோர் தங்கும் அக்கப்பல்கள் மிதக்கும் நகரங்கள் எனத்தக்கவை. பார்படோஸ், கிரெனடா, மார்த்தினிக், குராசோ, அருபா எனத் தெற்குத் தீவுகளில் நாளுக்கு ஒன்றாகக் கரையொதுங்குகின்றன. அம்மாதங்கள் அங்கே மழை குறைந்தவை. சூறாவளிக் காலம் நவம்பரோடு முடிந்துவிடும். வெனிசுவேலாக் கரையை ஒட்டிய அருபா, குராசோ போன்றவை சூறாவளிப் பாதைக்குப் பெரும்பாலும் விலகியே அமைந்தவை. இடையே ஒன்று: மார்த்தினிக் தீவுக்குத் தமிழர் 1853ஆம் ஆண்டு முதலே கப்பலேறியுள்ளனர். அவர்கள் சென்றது விடுமுறைக்கு அன்று. ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டுவதற்கு. அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்குள்ளன.

அக்கப்பல்களுள் சில மேற்கே பனாமாக் கால்வாய்க்கும் செல்கின்றன. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கால்வாயைக் கடலை வெட்டி இணைத்த வாய்க்கால் என்றே பலரும் கருதுவர். உண்மையில் கப்பல்கள் பூட்டுமதகுகளின் வழியே ஏறக்குறைய 85 அடி உயரம் ஏறி, ஒரு நன்னீர் ஏரியில் மிதந்து, மறுபுறம் இறங்குகின்றன. சாக்ரஸ் ஆற்றைத் தடுத்து உருவாக்கிய அவ்வேரியின் பெயர் காட்டூன். அங்கும் ஒரு காடு மூழ்கியது; அங்கும் நீரில் மரக்கட்டைகள் நிற்கின்றன. ஒரு கப்பல் கால்வாயைக் கடக்கும்தோறும் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குச் செல்கிறது. பனாமா மக்கள் பலரின் குடிநீருக்கும் அவ்வேரி ஆதாரம். 2023ஆம் ஆண்டு மழை குறைந்து ஏரி வற்றியபோது, நாளொன்றுக்கு 36 என்ற அளவில் சென்ற கப்பல்களை 25க்கும் கீழாகக் குறைக்க நேர்ந்தது. கப்பல் தளத்தில் நின்று வெயில் காய்வோருக்கும் கரையில் குடத்தோடு நிற்போருக்கும் நீர் ஒன்றே.

வையைப் புனலாடல்

நீர் விளையாட்டு தமிழருக்குப் புதிதன்று. இன்று கிடைக்கும் பரிபாடல்கள் 22இல் 8 பாடல்கள் வையையைப் பற்றியவை. மலையில் மழை பொழிந்து ஆற்றில் புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் அணியணியாகப் புறப்பட்டு நீராடி மகிழ்வதை அவை பாடுகின்றன. அப்பாடல்களைக் கூர்ந்து படிப்போர் ஒன்றைக் காணலாம். நீராடல் புதுவெள்ளத்தின் வருகையோடு இணைந்தே பேசப்படுகிறது. மழை பெய்ததா, மலையிலிருந்து நீர் இறங்கியதா, கரை உடையாமல் காக்கப்பட்டதா என்பவை முன்னே நிற்க, விளையாட்டு பின்னே வருகிறது. வெள்ளம் வந்த செய்தி ஆடுவோர்க்கும் உழுவோர்க்கும் ஒரே நாளில் கிட்டிய நற்செய்தி. அன்று ஆறு ஊரை ஒட்டியே ஓடியதால் இருவரும் ஒரே கரையில் நின்றனர். இன்று ஆடுமிடம் மலைமேலும் உழுமிடம் மலையடியிலுமாகப் பிரிந்துவிட்டன. இடையே ஒரு சுரங்கம் இருப்பதால் ஒருவரை ஒருவர் காண இயலவில்லை.

பென்னிகுயிக் பிறந்த நாளாகிய ஜனவரி 15, தைப்பொங்கலை ஒட்டியே வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் அன்று அவர் படத்தின் முன்னும் பொங்கல் பானை வைக்கின்றனர். 2013ஆம் ஆண்டு முதல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. மலையேறும் சுற்றுலா ஊர்திகள் அதன் முன்னே செல்கின்றன. சில அங்கே நிற்பதும் உண்டு.

ஜூன் மாதத்தில் தேக்கடித் தலைமதகில் நிகழும் சடங்கைக் காண்போர் மிகச் சிலர். சுற்றுலாக் காலம் முடிந்து மழை தொடங்கும் நேரம் அது. தேனியிலிருந்து அலுவலர்களும் உழவர்களும் வருகின்றனர். பூசை செய்து, மதகை உயர்த்தி, சீறிப்பாயும் நீரின்மேல் மலர் தூவுகின்றனர். தொலைவில் படகுத்துறையில் அன்றைய பயணியர் சீட்டு வாங்கக் காத்திருக்கின்றனர். தூவிய மலர்கள் சுரங்கத்தின் இருளுக்குள் செல்கின்றன. அவற்றைச் சுமந்த நீர் மலையடிவாரத்தை அடைவதற்கு முன்பே கூடலூர் வயல்களில் மண்வெட்டியோடு ஆட்கள் வரப்பில் நிற்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வெளிவரும் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தை ஒரு மாதம் தொடர்ந்து குறித்து, ஏற்ற இறக்கத்திற்கான காரணங்களை உங்கள் பகுதி உழவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக.

2. நீங்கள் சென்ற நீர்வழிப் பயணம் அல்லது நீர்நிலைச் சுற்றுலா ஒன்றினை, அந்நீரைப் பயன்படுத்தும் மக்களின் வாழ்வோடு இணைத்துக் கட்டுரையாக்குக.

3. 'செலவு' என்பதுபோலப் பொருள் மாற்றம் பெற்ற தமிழ்ச்சொற்கள் ஐந்தினைத் திரட்டி, பழைய பொருளையும் இன்றைய பொருளையும் வகுப்பறையில் எடுத்துரைக்க.